தொள்ளாயிரம் மீட்டருக்கு ஒரு கார்

காலை எட்டேகால் மணிக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் சும்மா போய் நின்று பாருங்கள். பிள்ளையைக் கொண்டுவிடப் போகாதீர்கள். எதிர்க் கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, ஓரமாக நின்று வேடிக்கை பாருங்கள். சென்னையில் எந்தப் பேட்டையாக இருந்தாலும் காட்சி ஒன்றுதான்.

ஒரு கார் வந்து நடுத்தெருவில் நிற்கும். ஓரமாக நிறுத்த முடியாது, ஓரத்தில் ஏற்கெனவே இன்னொரு கார். பின் கதவு திறக்கும். முதலில் புத்தகப் பை இறங்கும். அப்புறம் சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், அப்பா ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து ஒட்டிய தெர்மகோல் வீடு. கடைசியாகக் குழந்தை. அதற்குள் பின்னால் ஐந்து கார் சேர்ந்துவிடும். ஆறாவது ஆள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே மாட்டார். நடுவில் புகுந்து வரும் ஸ்கூட்டரில் அம்மா, முன்னால் நிற்கும் யு.கே.ஜி., பின்னால் தொற்றியிருக்கும் மூன்றாம் வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை அடைத்த ஆட்டோ. எதிரில் வரும் பள்ளிப் பேருந்துக்கு நகர வழியில்லை. வாட்ச்மேன் விசில் ஊதுவார். அது அவருக்கே கேட்குமா என்பது சந்தேகம்.

இந்தக் கூட்டத்தில் மூன்றரை வருடம் நானும் ஒருவன். அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிகிறது.

நாங்கள் இருப்பது மேற்கு மாம்பலம். என் மகள் படிக்கும் பள்ளிக்கு வீட்டிலிருந்து தொள்ளாயிரம் மீட்டர். எல்.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்பு பாதி வரை அவளைக் காரில்தான் கொண்டுபோய் விட்டேன். யாராவது கேட்டால் வழக்கமான பதில் தயாராக இருக்கும். ‘ரோடு இருக்கிற இருப்புல குழந்தையை எப்படி சார் நடக்க வைக்கிறது?’

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு சண்டை போடப் போகிறேன்.

*

நான் பி.காம். படித்தவன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும், எதைப் பார்த்தாலும் இடதுபக்கம் பற்று, வலதுபக்கம் வரவு என்று கோடு போடும் புத்தி போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, என் தொள்ளாயிரம் மீட்டருக்குக் கணக்குப் போட்டேன்.

காலையில் போய் வர 1.8 கிலோமீட்டர். சாயங்காலம் இன்னொரு 1.8. நாளுக்கு 3.6. வருடத்துக்கு 210 பள்ளி நாள் என்று வைத்தால் 756 கிலோமீட்டர். இது நெடுஞ்சாலை ஓட்டம் இல்லை. எஞ்சின் சூடாவதற்குள் முடிந்துவிடும் ஓட்டம், முக்கால்வாசி முதல் கியரில். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தால் என் கார் புண்ணியம் செய்தது. 84 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று முழுசாக வைத்தாலும் வருடத்துக்கு 8,400 ரூபாய். பம்பரில் விழுந்த கீறல், உடைந்த பக்கக் கண்ணாடி எல்லாம் இதில் சேரவில்லை.

பணம் போகட்டும். நேரத்தைப் பாருங்கள். எங்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்தும் இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார். முன்னால் நிற்பது மூன்றாவது மாடிக்காரருடையது. அவரை போனில் எழுப்பி, சாவியோடு கீழே வரவழைத்து, வண்டியை வெளியே எடுக்க ஐந்து நிமிடம். பள்ளித் தெரு வரை ஒன்பது நிமிடம். வாசலுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்க ஆறு. திரும்பி வர எட்டு. மொத்தம் 28 நிமிடம். நடந்தால்? ஏழு வயதுக் குழந்தையின் காலுக்குப் பதினைந்து நிமிடம், நான் தனியாகத் திரும்ப பத்து நிமிடம். 25.

காரில் போனால் மூன்று நிமிடம் அதிகம்! மூன்றரை வருடம் ‘டைம் இல்லை சார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இன்னொரு கணக்கு. அவள் எடை அப்போது இருபது கிலோ. என் காரின் எடை சுமார் ஆயிரம் கிலோ. இருபது கிலோ சரக்கை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம் கொண்டுபோக ஆயிரம் கிலோ வண்டி. எந்த லாரி செட் முதலாளியும் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டார்.

இதெல்லாம் என் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிற செலவு. என் பணம், என் நேரம், நான் வீணாக்கினால் உங்களுக்கு என்ன? நியாயமான கேள்வி. விஷயம் என்னவென்றால், இதில் பெரிய செலவு என் புத்தகத்தில் ஏறவே இல்லை. அது வேறு ஒருவர் புத்தகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அது யார் என்று போன நவம்பரில் ஒருநாள் நேரிலேயே பார்த்தேன்.

முந்தின ராத்திரி மழை. தெருவோரம் முழுக்கத் தண்ணீர். மகளை இறக்கிவிட்டுவிட்டு, முன்னால் போக வழியில்லாததால் ரிவர்ஸ் எடுத்தேன். அவளிடம் கொடுக்க மறந்த பாட்டில் பின் சீட்டில் கிடந்தது. ஒரு கண் அதில், ஒரு கண் கண்ணாடியில். பின்னால் ஒரு சின்னச் சத்தம். பிரேக்கை மிதித்தேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தால் மாநகராட்சிப் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. பத்து வயது இருக்கலாம். தம்பியின் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவன் தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய பிளாஸ்டிக் பாட்டில் என் பின் சக்கரத்துக்கு அடியில் தட்டையாகக் கிடந்தது. காருக்கும் அவன் காலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, ‘சாரி சார்’ என்றாள்.

அவள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? பிளாட்பாரத்தில் நடந்திருப்பாள். அங்கே கார்கள் ஏறி நின்றன. ஓரத்தில் நடந்திருப்பாள். அங்கே தண்ணீர். மிச்சம் இருந்தது என் காருக்குப் பின்னால் இருந்த மூன்றடி. அதில் நடந்ததற்குத்தான் அவள் ‘சாரி’ சொன்னாள். பாட்டிலுக்குப் பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. தம்பியின் நிக்கரைத் தட்டிவிட்டு, நேரமாச்சு என்று போய்விட்டாள். அவர்கள் பள்ளி இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தினமும் எங்கள் கார்களுக்கு நடுவே புகுந்துதான் போகிறார்கள். மூன்றரை வருடத்தில் நான் ஒருநாளும் அவர்களைப் பார்த்ததில்லை.

*

‘ரோடு ஆபத்தாக இருக்கிறது, அதனால் காரில் கொண்டுபோகிறேன்.’ சரி. ரோட்டில் என்ன ஆபத்து? புலி இருக்கிறதா, சிறுத்தை இருக்கிறதா? கார் இருக்கிறது. யாருடைய கார்? எட்டேகால் மணிக்குப் பள்ளித் தெருவில் நிற்பது சரக்கு லாரி இல்லை. வெளியூர்க்காரன் வண்டி இல்லை. உங்கள் காரும் என் காரும்தான். என் பிள்ளையை உங்கள் காரிடமிருந்து காப்பாற்ற நான் கார் எடுக்கிறேன். உங்கள் பிள்ளையை என் காரிடமிருந்து காப்பாற்ற நீங்கள் எடுக்கிறீர்கள். கார் இல்லாதவர் பிள்ளையை யார் காப்பாற்றுவது?

ஒரு பள்ளியில் 1,500 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு பிள்ளை காரில் வந்தால் 300 கார். ஒரு காருக்கு முன்பின் இடைவெளி சேர்த்து ஐந்து மீட்டர். வரிசையாக நிறுத்தினால் ஒன்றரை கிலோமீட்டர். பள்ளித் தெருவின் நீளம் முந்நூறு, நானூறு மீட்டர். இரண்டு பக்கமும் நிறுத்தினாலும் பாதிக்கு இடமில்லை. இதற்கு டிராஃபிக் போலீஸ் வந்தாலும் ஆகாது, ராணுவம் வந்தாலும் ஆகாது. கணித ரீதியாகவே தீர்வு இல்லாத ஒரு கணக்கைத் தினமும் காலையில் ஹாரன் அடித்துத் தீர்க்கப் பார்க்கிறோம்.

நடப்பவர்களுக்கு ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அவர்களில் யாரும் இன்னொருவர் மீது நடந்து மோதி அவரைக் கொன்றுவிடவில்லை. இந்த எண்ணைக் காட்டித்தான் ‘பார்த்தீர்களா, இதனால்தான் கார்’ என்கிறார்கள். எனக்கு அதே எண் வேறு மாதிரி படிக்கிறது. ஆபத்தை உண்டாக்குபவன் கூண்டுக்குள் பத்திரமாக இருக்கிறான். அனுபவிப்பவன் வெளியே நிற்கிறான்.

2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புப் படித்த சிறுமி விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். தமிழ்நாடே பதறியது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வருடமே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. பள்ளி திறக்கும் முன் அதிகாரிகள் வந்து பேருந்துகளின் படிக்கட்டு, அவசர வழி, தரை எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். நல்லது. ஆனால் பேருந்திலிருந்து இறங்கும் குழந்தை கால் வைக்கும் தெருவை எந்த அதிகாரி வந்து சோதிக்கிறார்? பள்ளியின் பொறுப்பு கேட் வரைக்கும், பெற்றோரின் பொறுப்பு கார்க் கதவு வரைக்கும். நடுவே இருக்கிற இருபதடி யாருக்கும் சொந்தமில்லை.

*

என் வாதத்தை எடுத்துவிட்டால் நண்பர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு அஸ்திரம் வைத்திருக்கிறார்கள்.

‘தெரு நாய்ங்க சார்.’ உண்மைதான். எனக்கே பயம். நாய்ப் பிரச்னைக்கு மாநகராட்சியைக் கழுத்தைப் பிடித்துக் கேட்க வேண்டும். ஆனால் நடக்கிறவர்கள்தான் கேட்பார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் தெருவில் நாய் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று எதற்குக் கவலைப்படப் போகிறார்கள்?

‘வெயில் சார்.’ எட்டு மணிக்கு என்ன வெயில்? மூன்றரை மணி வெயில் கடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். குடை என்று ஒரு சாதனம் இருக்கிறது.

‘பை என்னா வெயிட்டு தெரியுமா?’ இது நியாயம். 2018-லேயே சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது, பை எடையைக் குறைக்க வேண்டும் என்று சொன்னது. 2020-ல் வந்த மத்திய அரசின் கொள்கை, குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்றது. இருபது கிலோ குழந்தைக்கு இரண்டு கிலோ. உங்கள் வீட்டு எடை மிஷினில் இன்றைக்கு ராத்திரி பையை வைத்துப் பாருங்கள். ஐந்து கிலோ காட்டினால் பள்ளிக்கு போன் போடுங்கள், காருக்குச் சாவி போடாதீர்கள்.

‘காலம் கெட்டுக் கிடக்கு, பிள்ளை பிடிக்கிறவன்...’ ஏழு வயதுக் குழந்தையைத் தனியாக அனுப்பச் சொல்லி யார் சொன்னது? கையைப் பிடித்துக்கொண்டு கூட நடங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதைவிட வலுவான கட்சி ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னது என் அலுவலகத் தோழி. ‘உங்களுக்கு வாரத்துக்கு ஒரு கட்டுரை. எனக்கு ஒன்பதரைக்கு விரல் ரேகை வைக்கணும். ரெண்டு பிள்ளை, ரெண்டு ஸ்கூலு. ஸ்கூட்டர்ல உட்கார வச்சு, ரெண்டையும் இறக்கிட்டு அப்படியே ஆபீஸ் போனாத்தான் உண்டு. நடக்கச் சொல்றீங்களே, எப்ப நடக்கிறது?’

அவருக்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கவும் வேண்டாம். ஆபீஸ் போகிற வழியில் இறக்கிவிட்டுப் போகிறவரைப் பற்றி நான் பேசவே இல்லை. (ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் பேசுவேன். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குக் கட்டாயம் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. பள்ளி வாசலில் நின்று, எத்தனை குழந்தைகள் தலையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு கை விரல் போதும்.) பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறவரையும் நடந்து வாருங்கள் என்று சொல்லவில்லை. என்னைப் போல, ஒரு கிலோமீட்டருக்குள் வீட்டை வைத்துக்கொண்டு, வேறு எங்கும் போக வேண்டிய வேலை இல்லாமல், விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவதற்காகவே கார் எடுக்கிறவர்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் ஒதுங்கினால் என் தோழியின் ஸ்கூட்டருக்கும் வழி கிடைக்கும்.

ஆனாலும் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று காமராஜர் காலத்தில் ஊர் ஊராகத் திறந்தார்கள். 1966-ல் கோத்தாரி கமிஷன், அந்தந்தப் பகுதிப் பிள்ளைகள் எல்லோரும் அந்தந்தப் பகுதிப் பள்ளியிலேயே சேர்ந்து படிக்க வேண்டும் என்றது. 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்காக 2010-ல் வந்த மத்திய அரசு விதிகளில், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர் ‘நடை தூரத்தில்’ பள்ளி என்று அந்த வார்த்தையையே போட்டு எழுதியிருக்கிறார்கள். கார் தூரம் என்று எழுதவில்லை. நாம்தான் பக்கத்துத் தெருப் பள்ளியைத் தாண்டி, நாலு சிக்னல் தாண்டி, பெயருக்காக ஒரு பள்ளியைப் பிடித்தோம். பிறகு தூரம் தூரம் என்று புலம்புகிறோம். அந்தத் தூரம் வானத்திலிருந்து விழுந்ததா? அப்ளிகேஷன் ஃபாரத்துக்கு விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கியதுதானே!

*

நவம்பர் சம்பவத்துக்குப் பிறகு காரை எடுப்பதில்லை. நடக்கிறோம். நடக்க ஆரம்பித்த பிறகுதான், நான் சொல்லிக்கொண்டிருந்த ‘ரோடு இருக்கிற இருப்பு’ உண்மையிலேயே எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. காரில் உட்கார்ந்திருந்தபோது அது வெறும் சாக்கு.

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தொள்ளாயிரம் மீட்டரையும் அளந்தேன். (பைத்தியக்காரன் என்று இஸ்திரிக்காரர் நினைத்திருப்பார்.) நானும் குழந்தையும் கைகோத்து, இறங்காமல் நடக்கக்கூடிய பிளாட்பாரம் எவ்வளவு இருந்தது தெரியுமா? 140 மீட்டர். மிச்சம் எல்லாம் ரோட்டில் இறங்கி ஏறும் ஆட்டம். ஓர் இடத்தில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், ஒயர் வெளியே தெரிய. அடுத்து மழைநீர் வடிகால் மூடி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு. யாரோ வீடு கட்டக் கொட்டிய எம்-சாண்ட். அதற்கப்புறம் வரிசையாக வீட்டு வாசல் சரிவுகள். கார் உள்ளே ஏற வேண்டும் என்பதற்காகப் பிளாட்பாரத்தை வெட்டி, தெரு நடுவரைக்கும் சிமென்ட் நாக்கு நீட்டியிருக்கிறார்கள். எங்கள் அடுக்குமாடியின் நாக்குத்தான் தெருவிலேயே நீளம்.

பிளாட்பாரம் என்றாலே பூக்காரம்மாவையும் இளநீர்க் கடையையும் திட்டுவது நம் வழக்கம். அளந்து பார்த்தவன் சொல்கிறேன். பூக்காரம்மா எடுத்துக்கொள்வது மூன்றடி. அவரைத் தாண்டிப் போகலாம், போகும்போது குழந்தையிடம் இரண்டு வார்த்தை பேசுவார். பிளாட்பாரத்தில் ஏறி நிற்கும் ஒரு கார் எடுப்பது பதிமூன்று அடி. அது பேசாது.

விதியும் கொள்கையும் இல்லாமலா இருக்கிறது? இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட நெறிமுறை, குடியிருப்புப் பகுதியில்கூட தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை நிறைவேற்றியது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இந்திய நகரங்களில் முன்னோடி என்று அப்போது பாராட்டினார்கள். 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டுத் திறந்தார்கள். ரொம்ப அழகு. அங்கே போய் நடந்துவிட்டு வாருங்கள், மறுக்கவில்லை. என் கேள்வி சின்னது. சேலை வாங்க வருகிறவர்களுக்குக் கிடைத்த அந்த நடைபாதை, துரைசாமி சுரங்கப் பாதையைத் தாண்டி இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை?

2023 நவம்பரில் சென்னைப் போலீஸ் வேக வரம்பை மாற்றியபோது குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 கிலோமீட்டர் என்று அறிவித்தது. 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், நடப்பதற்குத் தகுந்த நடைபாதை கிடைப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. அதாவது, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ‘சாரி சார்’ சொன்ன பெண், தன் அடிப்படை உரிமைக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

*

நடையில் கிடைத்தது என்ன என்று கேட்டால் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. முதல் வாரம் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கால் வலிக்கிறது என்றாள். காரில் போகும்போது என் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வாள், அது போனதுதான் நிஜமான வலி. இரண்டாவது வாரம் பேச ஆரம்பித்தாள். யார் யாரோடு ‘கட்டி’, யாருக்கு எந்த மிஸ் ஸ்டார் போட்டார், எல்லாம் பதினைந்து நிமிடத்தில் வந்து விழும். சாயங்காலம் வீட்டில் கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்கிற அதே குழந்தைதான். அயோத்தியா மண்டபத்துப் பக்கம் வந்ததும் ஆரிய கவுடா சாலையைக் கடக்க வேண்டும். வலது பக்கம் பார், இடது பக்கம் பார், மறுபடி வலது பக்கம் பார் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவள்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறாள், நான் அவசரப்படுகிறேனாம்.

பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிற வேலை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக நாம் மாதம் மூவாயிரம் கட்டி ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்க்கிறோம். அதற்கும் காரில்தான் கூட்டிப்போகிறோம்!

ஜனவரியிலிருந்து எங்கள் அடுக்குமாடியில் மேலும் மூன்று பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி வாரத்தில் இரண்டு நாள் தானே கூட்டிப் போகிறேன் என்று முன்வந்தார். எனக்கு மிச்சம் மூன்று நாள். கார் எடுப்பதற்காகத் தினமும் போனில் எழுப்புவேன் என்றேனே, மூன்றாவது மாடிக்காரர், அவர் மகனும் இதில் உண்டு. ஜப்பானில் ஒரே பகுதிப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, பெரியவன் முன்னால் நடக்க, தினமும் பள்ளிக்கு நடந்தே போகிற வழக்கம் பல காலமாக இருக்கிறது. நாங்கள் அவ்வளவு ஒழுங்கு இல்லை. வழியில் ஒரு பசு மாட்டைக் கொஞ்சுவதற்கே இரண்டு நிமிடம் போகும். ஆனால் நான்கு பிள்ளைகள் வரிசையாக வரும்போது காரில் வருகிறவன் கொஞ்சம் நிதானிக்கிறான். இது என் கண்ணால் பார்த்தது.

அதற்காக, எல்லாரும் மனசு வைத்தால் எல்லாம் மாறிவிடும் என்று உபதேசம் செய்ய வரவில்லை. நாலு குடும்பத்தின் நல்ல மனசால் பில்லர் பாக்ஸ் நகராது. நான் கேட்பது அரசாங்கம் செய்ய வேண்டிய, செலவே இல்லாத ஒரு காரியம். பள்ளி இருக்கும் தெருவைக் காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம் கார்களுக்கு மூடுங்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவர், ஆம்புலன்ஸ், பள்ளிப் பேருந்து, மாற்றுத்திறனாளிக் குழந்தையின் வண்டி போகட்டும். மற்ற கார்கள் முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கட்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் காரில் வந்த குழந்தையும் அந்த முந்நூறு மீட்டரை நடக்கட்டும். இத்தாலியில் போல்சானோ என்கிற ஊரில் 1989-லேயே இதைச் செய்தார்கள். லண்டனிலும் பாரிஸிலும் நூற்றுக்கணக்கான பள்ளித் தெருக்களில் செய்திருக்கிறார்கள். அங்கேயும் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடத்தான் செய்கிறார்கள். இங்கே தேவைப்படுவது இரண்டு இரும்புத் தடுப்பு, இரண்டு ஆள். அமைச்சர் வருகிறார் என்றால் பத்து நிமிடத்தில் மூடுகிற தெருதானே?

பள்ளி நிர்வாகத்திடம் கேட்டேன். பிரின்சிபால் மேடம் நல்லவர், உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். ‘ஐடியா நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா பேரன்ட்ஸ் கோவிச்சுப்பாங்க’ என்றார். பேரன்ட் ஆகிய நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கு உள்ளே பேருந்துகளை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கலாமே என்றேன். மைதானம் கெட்டுவிடும் என்றார். அந்த மைதானத்தின் ஓரத்தில் நிர்வாகிகளின் மூன்று கார்கள் நிழலில் நின்றிருந்தன.

போலீஸ் நிலையத்தில், ‘எங்ககிட்ட ஆள் இல்ல சார், கார்ப்பரேஷன்ல எழுதிக் கொடுங்க’ என்றார்கள். மாநகராட்சி அலுவலகத்தில், ‘டிராஃபிக் சம்பந்தப்பட்டது போலீஸ்ல கொடுங்க’ என்றார்கள். இரண்டு இடத்திலும் கொடுத்தேன். வார்டு கவுன்சிலரிடம் ஒரு நகல். மனுவில் எங்கள் தெரு, அடுத்த தெரு ஆட்கள் 61 பேர் கையெழுத்து. இஸ்திரிக்காரரும் போட்டிருக்கிறார், பூக்காரம்மாவும் போட்டிருக்கிறார். மூன்றாவது மாடிக்காரர் முதலில் யோசித்தார். அப்புறம், ‘சாயங்காலம் மட்டும்னா போடறேன்’ என்றார். காலையும் சேர்த்துத்தான் என்றதும், பேனாவை வாங்கி ஒரு நிமிடம் கையில் வைத்திருந்துவிட்டுப் போட்டார்.

ஜனவரியில் கொடுத்த மனு. ரசீது எண் என்னிடம் இருக்கிறது. அதற்கப்புறம் முழுப் பரீட்சை முடிந்து, லீவு முடிந்து, பள்ளி திறந்துவிட்டது. மகள் மூன்றாம் வகுப்பு. அந்த அக்காவையும் தம்பியையும் இப்போது தினமும் பார்க்கிறோம், அவர்களுக்கும் எங்களுக்கும் பாதி வழி ஒன்று. தம்பி தோளில் புதுப் பாட்டில் தொங்குகிறது. பள்ளி வாசலுக்குக் கிட்டே வந்ததும், அக்கா அவனை இழுத்துத் தன் இடது பக்கம், சுவரோரமாக விட்டுக்கொள்கிறாள். அங்கே இன்றைக்குக் காலையிலும் பிளாட்பாரத்தில் நான்கு கார் ஏறி நின்றது.